விறைப்பும் விட்டுக்கொடுப்பும்



இன்றைய பேச்சுக்கு அழைப்பிதழில் அச்சாகியிருக்கும் தலைப்பு நீளமானது: பாலிமர் நானோ கலவைப் பொருள்களின் பண்புகளில் ரப்பர்ச் சேர்மானங்களின் பங்கு. யாரும் எழுந்து போய்விட வேண்டாம். தலைப்பை ஒரே கேள்வியாகச் சுருக்கிவிடலாம். ஒரு பிளாஸ்டிக் பாரம் ஏற்றினால் வளையக்கூடாது. அதே பிளாஸ்டிக் அடிபட்டால் உடையவும் கூடாது. இரண்டையும் ஒரே பொருளிடம் கேட்பது நியாயமா?

வாசலில் பத்துப் பதினைந்து கார்கள் நிற்கின்றன. அவற்றின் பம்பரை எடுத்துக்கொள்வோம். இரும்புப் பம்பர் காலம் மலையேறிவிட்டது. இப்போது இருப்பது பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன். தயிர் டப்பாவும் அரிசிச் சாக்கும் செய்கிற அதே பாலிப்ரொப்பிலீன்தான். மலிவு, எடை குறைவு, எந்த வடிவத்துக்கும் வார்க்கலாம். ஆனால் பூஜ்யம் டிகிரியை ஒட்டி வெப்பம் இறங்கினால் அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் விறைத்துப்போய் அசைய மறுக்கும். அப்போது ஓர் அடி விழுந்தால் வளையாது, சில்லுச் சில்லாக உடையும். சென்னையில் ஓட்டுகிறவருக்கு அந்தக் கவலை எதற்கு என்று கேட்கலாம். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் செய்த கார் கப்பலேறிப் பனி நாட்டுக்கும் போகிறதே!

அதனால் பம்பரில் ரப்பர் கலக்கிறார்கள். ரப்பர் என்றால் கன்னியாகுமரித் தோட்டத்துப் பால் ரப்பர் மட்டும் என்று எண்ண வேண்டாம். இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும் எல்லாவற்றுக்கும் எலாஸ்டோமர் என்று பெயர். பம்பருக்குள் போவது எத்திலீன்-ப்ரொப்பிலீன் ரப்பர் அல்லது எத்திலீன்-ஆக்டீன் ரப்பர். மைனஸ் 50 டிகிரியை நெருங்கும்வரை இவை நெகிழ்வை இழப்பதில்லை. பாலிப்ரொப்பிலீனோடு இந்த ரப்பரும், விறைப்புக்காகக் கொஞ்சம் டால்க் பொடியும் சேர்ந்த கலவைக்குத் தொழிலில் டிபிஓ என்று பெயர். இன்று இந்த மேடையில் திரும்பத் திரும்ப வரப்போகும் பாத்திரம் அதுதான்.

சரி, ரப்பர் கலந்தால் ஏன் அடி தாங்குகிறது? ரப்பர் மெத்தென்று இருக்கிறது, அடியை அதுவே வாங்கிக்கொள்கிறது என்பதுதான் பலருடைய விடை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ரப்பர் தானாக வாங்கிக்கொள்ளும் ஆற்றல் சொற்பம். பெரும்பங்கை வாங்கிக்கொள்வது அதைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக்தான். அந்த பிளாஸ்டிக்கை வாங்க வைப்பதே ரப்பரின் வேலை.

அது எப்படி நடக்கிறது? பிளாஸ்டிக்கில் ஒரு கீறல் இருக்கிறது. அதன் மீது அடி விழுகிறது. கீறலின் நுனியில் பொருள் ஒரே நேரத்தில் மூன்று திசைகளிலும் இழுபடுகிறது. மூன்று பக்கமும் இழுத்துப் பிடித்தால் எந்தப் பொருளும் நழுவி நெளிய வழியில்லை; பிளந்துகொள்ளத்தான் முடியும். அந்த இடத்தில் நுண்ணிய ரப்பர் உருண்டைகள் இருந்தால் அவை முதலில் விட்டுக்கொடுக்கும். உருண்டைக்குள்ளேயே ஒரு வெற்றிடம் திறந்துகொள்ளும். திறந்ததும் மும்முனை இழுப்பு தளரும். தளர்ந்ததும், உருண்டைகளுக்கு இடையே மெல்லிய சுவராக நிற்கும் பிளாஸ்டிக் நெளிந்து, நீண்டு, வழிந்து ஆற்றலைத் தின்றுவிடும். ஆகவே ரப்பர் இங்கே அடிதாங்கி இல்லை. பூட்டிய கதவைத் திறந்துவிடும் ஆள்.

இந்த அறிவு ஒரே நாளில் வந்துவிடவில்லை. ரஷ்யாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய இவான் ஆஸ்ட்ரோமிஸ்லென்ஸ்கி, ஸ்டைரீன் திரவத்தில் ரப்பரைக் கரைத்துப் பிறகு பாலிமராக்கும் முறைக்கு 1927இல் காப்புரிமை பெற்றார். முறுக்குபோல் நொறுங்கும் பாலிஸ்டைரீன் அடி தாங்கும் பொருளானது. ஆனால் அப்படியே விட்டால் ரப்பர் வலையாகப் பின்னிக்கொண்டு வார்ப்புக்கு ஒத்துவராது. பின்னர் டவ் நிறுவனத்தார் கண்டுகொண்டது மிக எளிய விஷயம்: வினை நடக்கும்போது விடாமல் கிளற வேண்டும். கிளறினால் ரப்பர் தனித்தனி உருண்டைகளாகப் பிரிந்து நிற்கிறது. அதே ரப்பர், அதே ஸ்டைரீன், அதே அளவு. கிளறியதும் கிளறாததும்தான் வேறுபாடு. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய பேச்சின் முதுகெலும்பு இதற்குள் இருக்கிறது.

1970களின் நடுவில் டூபாண்ட் நிறுவனம் நைலான் 66இல் ரப்பரைக் கலந்து ஸைட்டெல் எஸ்டி என்ற பொருளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. வெட்டுத்தடம் போட்ட மாதிரித் துண்டைச் சுத்தியால் அடித்துப் பார்க்கும் ஐஸாட் சோதனை என்று ஒன்று உண்டு. சாதாரண நைலான் அதில் மீட்டருக்குச் சுமார் 50 ஜூல் தாங்கும். இந்தப் புதிய பொருள் சுமார் 900 ஜூல் தாங்கியது! என்ன மாயம்? மாயம் ஏதுமில்லை. ரப்பரின் முதுகில் மலெயிக் அன்ஹைட்ரைடு என்ற கொக்கியை ஒட்டவைத்திருந்தார்கள். அந்தக் கொக்கி நைலான் சங்கிலியின் முனையோடு வேதிப்பிணைப்பில் மாட்டிக்கொண்டது. ரப்பர் உருண்டைகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகாமல் நுண்ணியதாகவே நின்றன.

ஏன் நுண்ணியதாக நிற்க வேண்டும்? அதே நிறுவனத்தின் சௌஹெங் வூ 1985இல் விடை சொன்னார். இரண்டு ரப்பர் உருண்டைகளுக்கு இடையே உள்ள பிளாஸ்டிக் சுவரின் தடிமன் ஓர் எல்லைக்குக் கீழே வந்தால்தான் பொருள் அடி தாங்கும். மேலே போனால் உடையும். அவர் ஆராய்ந்த நைலான் 66இல் அந்த எல்லை சுமார் 0.3 மைக்ரான். ரப்பரின் அளவைக் கூட்டாமலேயே உருண்டையைச் சிறிதாக்கினால் எண்ணிக்கை கூடும். எண்ணிக்கை கூடினால் சுவர் மெலியும். எத்தனை சதவீதம் ரப்பர் போட்டீர்கள் என்ற கேள்வியோடு, அது எப்படிப் பரவி நிற்கிறது என்ற கேள்வியும் அன்றுமுதல் சேர்ந்துகொண்டது.

இது கதையின் ஒரு பாதி. மறுபாதி மண்ணிலிருந்து வருகிறது.

சென்னையில் அடுக்குமாடி எழுப்பும் இடங்களில் பைலிங் குழிக்குள் சேறுபோல் ஒன்றை ஊற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். பென்டோனைட். அதன் முக்கியமான தாது மான்ட்மோரில்லோனைட். பிரான்சில் உள்ள மான்ட்மோரில்லோன் என்ற ஊரின் பெயரைச் சுமக்கும் களிமண். அதன் ஒரு துகளைப் பெரிதாக்கிப் பார்த்தால் வெற்றிலைக் கவுளிபோல ஏடு ஏடாக அடுக்கியிருக்கும். ஓர் ஏட்டின் தடிமன் 1 நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அகலமோ நூறு நானோமீட்டர், சிலவற்றில் பல நூறு. ஏடுகளை எல்லாம் பிரித்துப் பரப்பினால் ஒரு கிராம் களிமண்ணின் மேற்பரப்பு 700 சதுர மீட்டரைத் தாண்டும். மூன்று டென்னிஸ் ஆடுகளம் போட இடம் கிடைக்கிறது, ஒரு சிட்டிகை மண்ணில்!

இந்த ஏடுகளைப் பிரித்து நைலானுக்குள் பரப்பும் வேலையை 1980களில் ஜப்பானின் டொயோட்டா ஆய்வுக்கூடம் செய்தது. ஏடுகளுக்கு இடையே இருந்த சோடியம் அயனியை வெளியேற்றிவிட்டு, நீண்ட கரிமவால் கொண்ட அம்மோனிய அயனியை உள்ளே வைத்தார்கள். வழி திறந்தது. நைலானின் மூலப்பொருளான காப்ரோலாக்டம் உள்ளே புகுந்தது. புகுந்த இடத்திலேயே அதைப் பாலிமராக்கினார்கள். சங்கிலி வளர வளர ஏடுகள் விலகின. களிமண் சேர்ந்தது 4, 5 சதவீதம்தான். விறைப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கானது. இழுவலிமை 69 மெகாபாஸ்கலில் இருந்து 107 ஆனது. பாரம் சுமந்தபடி எத்தனை டிகிரி வரை வளையாமல் நிற்கும் என்று ஒரு சோதனை உண்டு. வெறும் நைலான் 65 டிகிரியில் தளர்ந்தது, களிமண் சேர்ந்தது சுமார் 150 டிகிரி வரை நின்றது. டொயோட்டா காம்ரி காரின் எஞ்சினில் டைமிங் பெல்ட்டை மூடும் உறை இந்தப் பொருளில்தான் வந்தது. இன்று நானோ கலவை என்று உலகம் பேசும் துறைக்குப் பிள்ளையார் சுழி அந்த மூடிதான்.

அந்த வெற்றியில் ஒரு குறை ஒளிந்திருந்தது. இழுத்தால் நீளும் குணம் சரிந்துவிட்டது. பாலிப்ரொப்பிலீனில், எப்பாக்சியில், பாலிஸ்டைரீனில் என்று பல ஆய்வுக்கூடங்கள் களிமண்ணைக் கலக்கக் கலக்க, ஒரே முணுமுணுப்பு எங்கும் கேட்டது: விறைப்பு ஏறுகிறது, பொருள் நொறுங்குகிறது. ஏன் நொறுங்காது? களிமண் ஏட்டின் விறைப்பு சுமார் 170 கிகாபாஸ்கல். சுற்றியிருக்கும் பாலிப்ரொப்பிலீனுக்கு 1.5 கிகாபாஸ்கல். ஏடுகள் சங்கிலிகளின் கையைக் கட்டிப்போடுகின்றன. சரியாகப் பிரியாமல் கட்டியாக நிற்கும் களிமண்ணோ, விரிசலுக்கு விதையாகிவிடுகிறது.

அப்படியானால் வழி? இரண்டையும் கலந்துவிட்டால் ஆயிற்று என்று தோன்றும். களிமண் விறைப்பைத் தரும், ரப்பர் தாக்குப்பிடிப்பைத் தரும், கணக்கு நேர். இப்படித்தான் பலரும் தொடங்கினார்கள். பலருக்கும் கிடைத்தது இரண்டும் கெட்டான் பொருள். களிமண் சேர்ந்ததால் தாக்குப்பிடிப்பு போனது. ரப்பர் சேர்ந்ததால் விறைப்பு போனது.

ஏன்? இங்கேதான் விஷயத்தின் மையத்துக்கு வருகிறோம். ரப்பரின் விறைப்பு வெறும் சில மெகாபாஸ்கல். களிமண் ஏட்டுக்கும் ரப்பருக்கும் இடையே பல்லாயிரம் மடங்கு வித்தியாசம். இந்த இரண்டு பேரை ஒரே வீட்டில் குடிவைக்கிறீர்கள். யார் எந்த அறையில்? களிமண் பிளாஸ்டிக்குக்குள் இருக்கலாம். ரப்பர் உருண்டைக்குள் போய்ப் பதுங்கலாம். இரண்டுக்கும் இடைப்பட்ட எல்லையில் ஒட்டிக்கொள்ளலாம். மூன்று இடம், மூன்று விளைவு.

களிமண் பிளாஸ்டிக்குக்குள் இருந்தால் அது பிளாஸ்டிக்கை விறைப்பாக்கும். ரப்பர் தன் வேலையைச் செய்யும். ரப்பருக்குள் புகுந்துவிட்டால்? ரப்பர் விறைக்கும். விறைத்த ரப்பருக்குள் வெற்றிடம் எளிதில் திறக்காது. கதவைத் திறக்க வேண்டிய ஆளின் கையிலேயே விலங்கு. பிளாஸ்டிக்குக்கோ களிமண் கிடைக்காமல் போனது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் விழும் என்று நினைத்தவருக்கு, இரண்டு கல் எறிந்தும் ஒரு மாங்காய்கூட இல்லை.

இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் ஆஸ்திரேலியாவின் சிட்னிப் பல்கலைக்கழகத்தார். நைலான் 66, மலெயிக் கொக்கி போட்ட எஸ்இபிஎஸ் ரப்பர், களிமண் என்று மூன்றே பொருள். அளவு மாறவில்லை: 80, 15, 5. மாற்றியது சேர்க்கும் வரிசையை மட்டும். மூன்றையும் ஒன்றாகக் கொட்டியது ஒரு வகை. ரப்பரையும் களிமண்ணையும் முதலில் பிசைந்து பிறகு நைலானில் சேர்த்தது ஒரு வகை. நைலானையும் ரப்பரையும் முதலில் கலந்து பிறகு களிமண் இட்டது இன்னொன்று. நைலானையும் களிமண்ணையும் முதலில் கலந்து, கடைசியில் ரப்பர் சேர்த்தது நான்காவது. 2005இல் முடிவை வெளியிட்டார்கள். நான்காவதுதான் முந்தியது. களிமண் பெரும்பாலும் நைலானிலேயே தங்கிவிட்டது. ரப்பர் சுதந்திரமாக இருந்தது. களிமண் ரப்பருக்குள் நுழைந்த வகைகளில் வெற்றிடம் திறப்பது குறைந்தது, தாக்குப்பிடிப்பும் குறைந்தது.

சாம்பார் செய்கிறவர் பெருங்காயத்தை எப்போது போடுவது என்று வாதாடினால் சிரிக்கிறோம். இங்கே மூன்று பொருளுக்கு நான்கு வரிசை; அதில் ஒன்றுதான் சரி. பொடி விற்பவரின் விளம்பரத் தாளில் இந்த வரி எங்கும் இருக்காது. சதவீதம் மட்டும் பளிச்சென்று அச்சாகியிருக்கும்.

மலெயிக் கொக்கியின் கதையில் இங்கே ஒரு திருப்பம் வருகிறது. நைலானில் அந்தக் கொக்கி ரப்பருக்கு நல்லது செய்தது. பாலிப்ரொப்பிலீனில் அதே ரப்பர் என்ன செய்கிறது? பாலிப்ரொப்பிலீனுக்கு முனைவுத்தன்மை கிடையாது. கொக்கி மாட்டிக்கொள்ள அங்கே இடமில்லை. களிமண்ணுக்கோ முனைவுத்தன்மை நிறைய. ஆகவே கொக்கி போட்ட ரப்பர் களிமண்ணைத் தன் பக்கம் இழுத்து விழுங்கிவிடுகிறது. விறைப்பு இறங்குகிறது. பாலிப்ரொப்பிலீனில் செய்ய வேண்டியது நேர்மாறு: கொக்கியைப் பாலிப்ரொப்பிலீனின் ஒரு பகுதிக்குப் போட வேண்டும், ரப்பரைக் கொக்கி இல்லாமல் விட வேண்டும். அப்போது களிமண் பிளாஸ்டிக்கில் தங்கும். நைலானில் பழகிய கையோடு பாலிப்ரொப்பிலீனுக்கு வந்தவர்கள் தடுக்கி விழுந்த இடம் இது.

இனி டிபிஓவுக்குத் திரும்புவோம். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 2002ஆம் ஆண்டு மாடலில், ஜிஎம்சி சஃபாரி, செவ்ரோலே ஆஸ்ட்ரோ என்ற இரண்டு வேன்களில் ஏறுபடிக்கு நானோ களிமண் கலந்த டிபிஓவைப் பயன்படுத்தியது. பாசெல் என்ற பாலிமர் நிறுவனமும் சதர்ன் க்ளே என்ற களிமண் நிறுவனமும் கூட்டாளிகள். சேர்த்த களிமண் சுமார் 2.5 சதவீதம். அதே விறைப்புக்கு டால்க் போட்டால் பத்து மடங்கு போட வேண்டியிருந்தது என்று அந்த நிறுவனம் சொன்னது. டால்க்கின் அடர்த்தி பாலிப்ரொப்பிலீனைப் போல மூன்று மடங்கு. ஆகையால் எடை இறங்கியது. 2004இல் செவ்ரோலே இம்பாலா காரின் பக்கவாட்டுப் பட்டைக்கும் இது வந்தது. கால் வைத்து ஏறும் படி, கதவு இடிபடும் பட்டை: இரண்டும் அன்றாடம் அடி வாங்கும் இடங்கள். விறைப்பு மட்டும் போதுமென்றால் ரப்பரே வேண்டியிருக்காது.

ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர்களும் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் டொனால்ட் பால் குழுவும் இந்தக் கலவையை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது ஓர் இன்ப அதிர்ச்சி. களிமண் கூடக் கூட ரப்பர் உருண்டைகள் சிறுத்தன! களிமண் பிளாஸ்டிக்கில் இருக்கிறது. ரப்பரைத் தொடவே இல்லை. பின் எப்படிச் சிறுக்கும்? உருகிய கலவையில் ரப்பர்த் துளிகள் ஓடி ஒன்றோடொன்று மோதிச் சேர முயல்கின்றன. இடையில் களிமண் ஏடுகள் மறித்து நிற்கின்றன. களிமண்ணால் குழம்பும் கெட்டியாகிறது. கெட்டியான குழம்பு துளிகளை நன்றாக இழுத்து அறுக்கிறது. துளி சிறிதாகிறது. வூ சொன்னது நினைவிருக்கிறதா? துளி சிறுத்தால் சுவர் மெலியும்; சுவர் மெலிந்தால் அடி தாங்கும். எதிரி என்று நினைத்தவர் ரப்பருக்கு உதவி செய்திருக்கிறார். டிபிஓ கலவைகளில் விறைப்பும் தாக்குப்பிடிப்பும் ஒரே சமயத்தில் உயர்ந்ததற்குக் காரணம் இதுதான்.

எல்லையும் உண்டு. நைலானில் உருண்டை 0.1 மைக்ரானுக்கும் வெகுவாகக் கீழே போனால் அதற்குள் வெற்றிடம் திறக்க அதிக விசை வேண்டும்; கதவு திறக்காது. பாலிஸ்டைரீனுக்கோ மைக்ரான் அளவுப் பெரிய உருண்டைகள்தான் தேவை, அது நெளிவதற்குப் பதில் நுண்விரிசல்களாகப் பிரிந்து ஆற்றலை வாங்கும் இனம். எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து கிடையாது.

இதுவரை பேசியவை சூடு காட்டினால் உருகும் பிளாஸ்டிக். உருகாத இனம் ஒன்று இருக்கிறது: எப்பாக்சி. காற்றாலை இறக்கை, விமான உறுப்பு, காரின் தகடுகளை ஒட்டும் பசை எல்லாம் இதன் சாம்ராஜ்யம். ஆரல்வாய்மொழிப் பக்கம் போகும்போது சுழலும் இறக்கைகளில் கண்ணாடி இழையைப் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் இந்த வகைப் பிசின். எப்பாக்சி பிறவியிலேயே நொறுங்கும் குணம் கொண்டது. அதில் சிடிபிஎன் என்ற திரவ ரப்பரைக் கரைப்பார்கள். பிசின் இறுகும்போது ரப்பர் பிரிந்து நுண் உருண்டையாக நிற்கும். தாக்குப்பிடிப்பு வரும், விறைப்பும் வெப்பத் தாங்கலும் கொஞ்சம் போகும்.

லண்டன் இம்பீரியல் கல்லூரியின் அந்தோணி கின்லாக், ஆம்ப்ரோஸ் டெய்லர் குழுவினர் இதில் 20 நானோமீட்டர் சிலிக்கா உருண்டைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். சிலிக்கா மட்டும் கன அளவில் 13 சதவீதம் சேர்த்த ஒரு பிசினில், விரிசல் பரவத் தேவைப்படும் ஆற்றல் சதுர மீட்டருக்கு 100 ஜூலில் இருந்து 460 ஜூல் ஆனது. கல்லைப் போட்டால் விறைக்கும், தெரியும். கல்லைப் போட்டால் உடையாமலும் இருக்குமா? இருந்தது. விரிசல் நெருங்கும்போது சிலிக்கா பிசினை விட்டுப் பிரிகிறது; பிரிந்த இடத்தில் குழி வளர்கிறது; பிசின் நெளிகிறது. ரப்பருக்குள் திறந்த வெற்றிடம் செய்த அதே வேலை, வேறு வழியில். ரப்பரும் சிலிக்காவும் சேர்ந்த கலப்பு வகைகளில், ரப்பரோடு இரண்டு மூன்று சதவீதம் சிலிக்கா சேர்ந்ததுமே தாக்குப்பிடிப்பு கணிசமாக ஏறியது; ரப்பரால் இழந்த விறைப்பிலும் ஒரு பங்கு திரும்பக் கிடைத்தது. காரணம் இடம்தான். சிலிக்கா பிசினில் நின்றது. ரப்பர் தனியாக நின்றது.

இனி ரப்பர் சேர்ப்பதால் வரும் மற்ற வரவு செலவுகள். செலவு முதலில்: விறைப்பு, இழுவலிமை, வெப்பம் தாங்கும் அளவு மூன்றும் இறங்கும். உருகிய கலவை கெட்டியாகும். களிமண்ணும் சேர்ந்தால் இன்னும் கெட்டி. மெல்லிய சுவர் கொண்ட உறுப்பை வார்க்கும்போது அச்சின் கடைசி மூலை நிரம்பாமல் போவதை மோல்டிங் நண்பர்கள் அறிவார்கள்.

வரவில் பலரும் கவனிக்காத ஒன்று, வெப்ப விரிவு. பாலிப்ரொப்பிலீன் ஒரு மீட்டர் நீளத்தில் 50 டிகிரி ஏறினால் சுமார் 5 மில்லிமீட்டர் நீளும். எஃகு நீள்வது 0.6 மில்லிமீட்டர். சித்திரை வெயிலில் நிற்கும் காரின் இரும்பு உடலுக்கும் பிளாஸ்டிக் பட்டைக்கும் இடையே இந்த வித்தியாசம் கோணலாகத் தெரியும். களிமண் ஏடுகள் இந்த விரிவைக் கட்டிப்பிடிக்கின்றன. ரப்பரும் தன் பங்குக்கு உதவுகிறது: வார்க்கும்போது ஓட்டத்தின் திசையில் ரப்பர் உருண்டை இழுபட்டுத் தட்டையாக உறைந்தால், அந்தத் திசையில் விரிவு இன்னும் குறைகிறது. களிமண் சேர்ந்த டிபிஓவில் இரண்டும் கைகோத்துக்கொள்கின்றன. மேலே சொன்ன ஏறுபடியும் பக்கப்பட்டையும் நீண்ட உறுப்புகள் என்பது தற்செயல் இல்லை.

மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக்கிலும் இடம்தான் பேசுகிறது. கரித்தூளோ கார்பன் நானோகுழாயோ சேர்க்கும்போது, துகள்கள் ஒன்றையொன்று தொட்டுச் சங்கிலியானால்தான் மின்சாரம் பாயும். ரப்பர் உருண்டைகள் நடுவே உட்கார்ந்துகொண்டு, உள்ளே வராதே என்று கரித்துகளைத் தள்ளினால், துகள்கள் மீதமுள்ள குறுகிய இடத்தில் நெருக்கியடித்து நிற்கும். குறைந்த கரியிலேயே மின்சாரம் பாயும். மின்தேக்கத்தால் பொறி பறக்கக்கூடாத எரிபொருள் குழாய்க்கும், மின்னணுப் பொருள்களை வைக்கும் தட்டுக்கும் இது லாபம்.

கதையை ஒருமுறை தலைகீழாக்கிப் பாருங்கள். பிளாஸ்டிக்கில் ரப்பர் என்பதை விட்டுவிட்டு, ரப்பரிலேயே நானோ துகள் என்றால்? அது உங்கள் டயர். 1904ஆம் ஆண்டை ஒட்டி லண்டனின் சில்வர்டவுன் ஆலையில் ரப்பரில் கரித்தூள் சேர்த்து வலுவைக் கூட்டினார்கள். கரித்தூளின் முதன்மைத் துகள் 20, 30 நானோமீட்டர். நானோ என்ற பெயரை யாரும் உச்சரிக்காத காலத்து நானோ கலவை! எஸ்பிஆர் என்னும் செயற்கை ரப்பர் தனியாக 2 மெகாபாஸ்கல் அளவில் அறுந்துபோகும். கரித்தூளோடு 20ஐத் தாண்டும். 1946இல் திருவொற்றியூரில் பொம்மைப் பலூன் செய்யத் தொடங்கிய எம்ஆர்எஃப் பிற்காலத்தில் டயருக்கு வந்தபோது, நெகிழும் சவ்வுக்கும் சாலையில் ஓடும் டயருக்கும் நடுவே நின்ற பெரிய வேறுபாடுகளில் ஒன்று இந்தக் கறுப்புப் பொடி. 2002 டேவிஸ் கோப்பை டென்னிஸில் ஆடிய வில்சன் பந்துக்குள்ளும் பியூட்டைல் ரப்பரும் வெர்மிகுலைட் ஏடுகளும் சேர்ந்த மெல்லிய பூச்சு இருந்தது. காற்று வெளியேற நினைத்தால் ஏடு ஏடாகச் சுற்றிச் சுற்றிப் போக வேண்டும்.

தொழில் நண்பர்களுக்குச் சில வார்த்தை. களிமண் ஏடுகளை விலக்கி வைக்கும் அம்மோனிய உப்பு 200 டிகிரிக்கு மேலே சிதையத் தொடங்கும். நைலான் 66 உருகுவதோ 260 டிகிரிக்கு மேலே. இரட்டைத் திருகு எக்ஸ்ட்ரூடரில் கலவையை நெடுநேரம் தங்கவிட்டால் உப்பு போய்விடும், ஏடு மறுபடி ஒட்டிக்கொள்ளும், பொருள் மஞ்சளிக்கும். பாலிப்ரொப்பிலீனில் கொக்கி போட்ட துணைப்பொருளை அள்ளிப் போடுவதும் ஆபத்து. அதன் சங்கிலிகள் குட்டையானவை. அளவு மிஞ்சினால் நொறுங்கும் குணம் பின்வாசல் வழியாக வந்துவிடும். இரண்டு திருகுகளுக்கு நடுவே எந்த இடத்தில், எந்தத் தொட்டியிலிருந்து ரப்பரை இறக்குகிறீர்கள் என்பதைப் பதிவேட்டில் எழுதிவைக்காத பட்டறையில், போன மாதம் தேறிய சரக்கு இந்த மாதம் ஏன் தேறவில்லை என்று தேடுவதற்குத் துப்பே இருக்காது.

இந்தத் துறை இப்போது கண் வைத்திருக்கும் இடம் ஒன்று இருக்கிறது: பிஎல்ஏ. சோளத்திலிருந்தும் கரும்பிலிருந்தும் எடுக்கும் லாக்டிக் அமிலத்தில் செய்கிற பிளாஸ்டிக். விறைப்பு 3 கிகாபாஸ்கல். பாலிப்ரொப்பிலீனைப் போல இரண்டு மடங்கு. இழுத்தால் பத்து சதவீதம்கூட நீளாது, படக்கென்று முறியும். இதற்கும் ரப்பர்தான் மருந்து. அதிலும் எப்பாக்சி ஏற்றிய இயற்கை ரப்பர் நன்றாக ஒட்டுகிறது, ஏனென்றால் அந்த எப்பாக்சி வளையம் பிஎல்ஏ சங்கிலியின் முனையோடு வினைபுரிய முடியும். மலேசியாவில் 25, 50 சதவீதம் எப்பாக்சி ஏற்றிய வகைகளை வணிக அளவில் செய்கிறார்கள். மரத்துப் பாலில் வந்த ரப்பர், சோளத்தில் வந்த பிளாஸ்டிக், மண்ணில் வந்த ஏடு: மூன்றும் பெட்ரோலிய எண்ணெயைச் சாராதவை.

ஆனால் பழைய சிக்கல்கள் எல்லாம் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்கின்றன. எப்பாக்சி ஏற்றியதும் ரப்பருக்கு முனைவுத்தன்மை வந்துவிடுகிறது. வந்ததும் களிமண்ணைத் தன் பக்கம் இழுக்கப் பார்க்கிறது. பாலிப்ரொப்பிலீனில் பட்ட பாடு இங்கேயும். எப்பாக்சி ஏற ஏற ரப்பரின் குளிர்தாங்கும் எல்லையும் மேலே நகர்கிறது; 50 சதவீத வகை மைனஸ் 20 டிகிரியை ஒட்டியே விறைத்துப்போகும். இன்னொரு பக்கம், பிஎல்ஏ 60 டிகிரியை நெருங்கும்போதே தளர்ந்துவிடும். ரப்பர் அதற்கு ஒன்றும் செய்யாது. களிமண்ணும் தனியாகப் பெரிதாக ஒன்றும் செய்யாது. பிஎல்ஏ சங்கிலிகளைப் படிகமாக அடுக்க வைத்தால்தான் வெப்பத் தாங்கல் ஏறும். களிமண் ஏடுகள் படிகம் தொடங்க இடம் கொடுக்கின்றன. ஆனால் அச்சுக்குள் சில நொடிகளிலேயே குளிர்ந்துவிடும் உறுப்புக்குப் படிகமாக நேரம் போதவில்லை. அச்சைச் சூடாக வைத்து நேரம் கொடுத்தால் மணிக்கு வார்க்கும் எண்ணிக்கை குறைகிறது, விலை ஏறுகிறது. கொதிக்கும் காபியை ஊற்றினால் குழையாத, கீழே விழுந்தால் முறியாத பிஎல்ஏ தம்ளரை மலிவாகச் செய்வதற்கு, ரப்பரின் இடத்தோடும் களிமண்ணின் இடத்தோடும் அச்சின் சூட்டையும் சேர்த்துச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் இன்று மல்லுக்கட்டிக்கொண்டிருப்பது அந்த மூன்றோடுதான்.